பார்னல் சுமந்த பழி

ஒரு ஜன இயக்கம் நாட்டில் தலையெடுக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் அதில் சேருகிறார்கள். எங்கோ ஒரு மூலையில் யாரோ சிலர் கத்தியைத் தூக்கிவிடுகிறார்கள். மறுதினமே சர்க்கார் இயக்கம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. தலைவர்களோ அந்தச் சிலருக்கும் தங்களுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். சர்க்காரின் வாதம் நியாயமானதா? தலைவர்களின் பதில் முழு உண்மையா? இவ்விரண்டு கேள்விகளும் தேசத் தொண்டில் இறங்கிய எவரையும் ஒருநாள் வந்து சேரக்கூடியவை. இவற்றுக்கு விடை தேடுவோர் அயர்லாந்தின் முடிசூடா மன்னரென்று போற்றப்பட்ட சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னலின் சரித்திரத்தைப் படித்தல் நலம்.

பார்னல் 1846-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி விக்ளோ ஜில்லாவிலுள்ள அவொண்டேல் மாளிகையில் பிறந்தார். அவர் ஏழைக் குடியானவரின் மகனல்லர், நிலச்சுவான்தார் குடும்பத்தவர். ஜனங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; அவரோ புராட்டஸ்டண்டு. படித்தது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில். பட்டம் பெறாமலே திரும்பினார். ஆயினும் சுதந்திர உணர்ச்சி அவருக்கு இரு வழியிலும் பிதுரார்ஜிதமாகவே கிடைத்தது. தந்தை வழிப் பாட்டனாரின் தந்தை, 1800-ம் வருஷத்தில் அயர்லாந்தின் பார்லிமெண்டை ஒழித்து இங்கிலாந்துடன் இணைக்கும் சட்டத்தை எதிர்த்து நின்றவர். தாயாரோ அமெரிக்க மாது. பிரிட்டிஷ் கப்பல்களுடன் போர் புரிந்து புகழ் பெற்ற ஸ்டூவர்ட் என்ற கடற்படைத் தளபதியின் புதல்வி.

அவர் பிறந்த சமயத்தில்தான் உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தைச் சூறையாடிக்கொண்டிருந்தது. பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். அதனினும் அதிகமானோர் கப்பலேறிக் கடல் கடந்தனர். பஞ்சம் நீங்கிய பின்பும் குடியானவனின் நிலை மாறவில்லை. உழுத நிலம் அவனுடையதன்று. குத்தகை கட்டத் தவறினால் வீட்டுக் கூரையைப் பிரித்துக் குழந்தை குட்டிகளுடன் தெருவில் விடுவார்கள். அதற்குப் போலீஸ் துணை வரும். சட்டமும் துணை நிற்கும். இந்நிலையில் இரவில் முகமூடியணிந்து நிலச்சுவான்தாரின் ஏஜெண்டைப் பழி வாங்குவது பல தலைமுறைகளாகவே கிராமங்களில் வேரூன்றிவிட்ட வழக்கமாயிருந்தது. பார்னலின் இயக்கம் அவ்வழக்கத்தைப் பிறப்பிக்கவில்லை. அவர் தோன்றுவதற்கு முன்பே அது இருந்தது என்பதை நாம் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

மற்றொரு விஷயமும் உண்டு. 1867-ம் வருஷம் செப்டம்பர் மாதம் மாஞ்செஸ்டர் நகரில் பீனியன் என்ற புரட்சிச் சங்கத்தைச் சேர்ந்த இரு கைதிகளைப் போலீஸ் வண்டியிலிருந்து விடுவிக்க ஒரு கூட்டம் முயன்றது. அக்குழப்பத்தில் பாய்ந்த ஒரு குண்டு பிரெட் என்ற போலீஸ் ஸார்ஜெண்டின் உயிரை வாங்கியது. சுட்டவன் இன்னான் என்று நிரூபணமாகவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் யாவரும் பொறுப்பாளிகளே என்ற தத்துவத்தின்மேல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஐவரில் மாகுயர் என்பவருக்கு அச்சம்பவத்தில் யாதொரு தொடர்புமில்லை என்பது பின்னர் வெளிப்பட்டு, அவர் மன்னிக்கப்பட்டார். அப்படியிருந்தும், அதே விசாரணையில் அகப்பட்ட ஆலன், லார்க்கின், ஓப்ரியன் ஆகிய மூவரும் நவம்பர் 23-ந் தேதி தூக்கிலிடப்பட்டனர். அயர்லாந்தின் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று இது.

பார்னல் 1875-ம் வருஷம் மீத் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு வருஷம், சபையில் ஒரு மந்திரி அந்த மூவரையும் கொலைகாரர் என்று குறிப்பிட்டபோது, இளைஞர் பார்னல் எழுந்து, மாஞ்செஸ்டரில் கொலை எதுவும் நடந்ததாகத் தாம் நம்பவில்லையென்று தெரிவித்தார். சபை திகைத்தது. அயர்லாந்தோ அவரை அன்றே அடையாளம் கண்டுகொண்டது. ஒருவன் செய்ததற்காகக் கூட்டத்தையே தூக்கிலிடும் நீதியை மறுத்துத்தான் அவருடைய பொது வாழ்க்கை தொடங்கியது. பின்னாளில் அதே நீதி அவர்மீதே திரும்பிற்று.

பின்னர் பிக்கர் என்பவருடன் சேர்ந்து பார்லிமெண்டின் நடவடிக்கைகளை இரவெல்லாம் நடைபெற விடாமல் முடக்கும் முறையை அவர் கைக்கொண்டார். அயர்லாந்தைக் கவனிக்காத சபை வேறெதையும் கவனிக்க முடியாதபடி செய்தார். அவர் சிறந்த பேச்சாளரல்லர். பேச்சில் அலங்காரமில்லை, முகத்தில் உணர்ச்சி தோன்றுவது அபூர்வம். எனினும் அந்தக் குளிர்ந்த உறுதியே ஆங்கில மந்திரிகளைக் கலங்கச் செய்தது.

1879-ம் வருஷம் மீண்டும் விளைச்சல் பொய்த்தது. மைக்கேல் டேவிட் என்ற தேசபக்தரின் முயற்சியால் அக்டோபர் 21-ந் தேதி டப்ளினில் நிலச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. டேவிட் நாலு வயதில் பெற்றோருடன் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். பதினோராவது வயதில் பஞ்சாலை யந்திரத்தில் வலக் கையை இழந்தவர். ஏழு வருஷங்களுக்கு மேல் கடுஞ்சிறை அனுபவித்தவர். அந்த ஏழையின் மகன் அழைக்க, நிலச்சுவான்தாரின் மகன் சங்கத் தலைமையை ஏற்றார். நியாயமான குத்தகை, நிலத்தில் நிலையான உரிமை, முடிவில் உழுபவனுக்கே நிலம் என்பவை அதன் கோரிக்கைகள்.

1880-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி என்னிஸ் என்னுமிடத்தில் பார்னல் குடியானவர்களுக்கு ஒரு புதிய ஆயுதத்தைக் காட்டினார். பிறர் துரத்தப்பட்ட நிலத்தைப் பேராசையால் எடுத்துக்கொள்பவனைக் கொல்ல வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். கடைத்தெருவிலும் கோயிலிலும் அவனுடன் பேசாது, பழைய நாளில் குஷ்டரோகியை ஒதுக்கியதுபோல் ஒதுக்கிவிடுங்கள் என்பது அவர் உபதேசம். சில வாரங்களுக்குள் மேயோ ஜில்லாவில் ஏர்ன் பிரபுவின் ஏஜெண்டான காப்டன் பாய்காட் என்பவர்மீது அந்த ஆயுதம் பிரயோகிக்கப்பட்டது. அவருடைய பயிரை அறுக்க ஒரு கூலியாள்கூட வரவில்லை. வடக்கேயிருந்து ஐம்பது பேரைத் தருவித்து, அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் சிப்பாய்களை நிறுத்தி அறுவடை நடந்தது. பயிரின் மதிப்பைப்போல் பன்மடங்கு பணம் செலவாயிற்று. அந்த மனிதரின் பெயரே உலக மொழிகளில் ஒரு சொல்லாகிவிட்டது. 1905-ம் வருஷத்தில் வங்காளத்தில் அந்நியத் துணி பகிஷ்காரம் தொடங்கியபோது நமது தேசத்துப் பத்திரிகைகளிலும் அச்சொல்லே முழங்கிற்று.

பகிஷ்காரம் பலாத்காரமல்ல. அது கொலைக்கு மாற்றாகவே கூறப்பட்டது. ஆனால் நடந்தது என்ன? பகலில் பகிஷ்காரம் செய்யப்பட்டவனின் வீட்டுக் கதவை இரவில் துப்பாக்கி தட்டிற்று. மாடுகளின் கால்கள் வெட்டப்பட்டன. வைக்கோற் போர்கள் எரிந்தன. மிரட்டற் கடிதங்கள் பறந்தன. கொலைகளும் நடந்தன. போலீஸ் கணக்குப்படி இத்தகைய குற்றங்கள் 1880-ல் 2,500-க்கு மேல். 1881-ல் 4,400-க்கு மேல். பெரும்பாலானவை வெறும் மிரட்டற் கடிதங்களே என்று சங்கத்தார் எடுத்துக்காட்டினர், அது உண்மை. 1880-ம் வருஷத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன என்றும் எடுத்துக்காட்டினர், அதுவும் உண்மை. ஆயினும் ஒதுக்கப்பட்டவன் அஞ்சியது அண்டை வீட்டாரின் மௌனத்துக்கு மட்டுமா? இரவில் வரும் முகமூடிக்கும் சேர்த்துத்தானே? அந்த அச்சத்தால் கிடைத்த பலன் நிலச் சங்கத்தின் கணக்கில் வரவாயிற்று என்பதை எவராலும் மறுக்க முடியாது.

டேவிட் இதை உணர்ந்து மேடைக்கு மேடை கண்டித்தார். இரவுக் குற்றங்கள் நியாயமான போராட்டத்தைக் கறைப்படுத்துகின்றன என்று ஜனங்களிடம் நேரில் சொல்லும் துணிவு அவருக்கிருந்தது. பார்னல் பலாத்காரத்தை ஆதரித்தாரில்லை. ஆனால் அடிக்கடி வாய் திறந்தாருமில்லை. அவர் கைதியானால் அவருடைய இடத்துக்கு யார் வருவார் என்று வினவியபோது, நிலவொளிக் காப்டன் வருவார் என்று விடையிறுத்தார். இரவில் திரியும் முகமூடிக் கூட்டத்துக்கு ஜனங்கள் வைத்திருந்த பெயர் அது. எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கலாம். எச்சரிக்கைக்கும் பயமுறுத்தலுக்கும் இடையே உள்ள எல்லை மிக மெல்லியது.

சர்க்கார் செய்ததோ அதனினும் பெரிய தவறு. அயர்லாந்து மந்திரியான பார்ஸ்டர், ஜில்லாதோறும் உள்ள போக்கிரிகளைப் பிடித்து அடைத்துவிட்டால் நாடு அமைதியுறும் என்று எண்ணினார். 1881-ம் வருஷத்து அடக்குமுறைச் சட்டத்தின்கீழ், சந்தேகம் ஒன்றே போதுமென்று, 900-க்கு மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டனர். அக்டோபர் 13-ந் தேதி பார்னலும் கில்மெய்னம் சிறை புகுந்தார். ஒரு வாரத்துக்குள் நிலச் சங்கம் சட்ட விரோதமாக்கப்பட்டது. அவருடைய சகோதரி அன்னா பார்னல் தலைமையில் பெண்கள் சங்கம் அப்பணியை நடத்திற்று. குற்றங்கள் குறைந்தனவா? கூடின. ஜனங்களை அடக்கிவைக்கக் கூடியவர்களைச் சிறையிலடைத்துவிட்டு, அடங்காதவர்களுக்குச் சர்க்காரே தெருவைத் திறந்துவிட்டது.

இதனைப் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் உணர்ந்தார். குத்தகை பாக்கியால் தவிக்கும் ஏழைகளுக்குச் சர்க்கார் நிவாரணம் அளிப்பது, பார்னல் தம் செல்வாக்கைக் குற்றங்களை ஒடுக்கப் பயன்படுத்துவது என்று அந்தரங்கமாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1882-ம் வருஷம் மே 2-ந் தேதி பார்னல் விடுதலையானார். பார்ஸ்டர் ராஜினாமா செய்தார். குற்றத்தை நிறுத்த முடிந்தவர் குற்றத்தை நடத்தியவராகத்தானே இருக்க வேண்டும் என்று எதிரிகள் கேட்டனர். இது போலி நியாயம். தீயை அணைக்க வல்லவனெல்லாம் தீ வைத்தவனாக மாட்டான். ஆனால் அணைக்க வல்லவன் கைகட்டி நின்றால் அவன்மேல் ஒரு குறை உண்டு. அக்குறையை அகற்றும் நேரம் பார்னலுக்கு வாய்த்ததென்று தோன்றிய அக்கணமே இடி விழுந்தது.

மே 6-ந் தேதி மாலை, டப்ளின் பீனிக்ஸ் தோட்டத்தில், அன்றுதான் வந்து பதவியேற்ற புதிய மந்திரி பிரடெரிக் காவண்டிஷ் பிரபுவும், நிரந்தர உதவிக் காரியதரிசி பர்க்கும் நடந்து சென்றுகொண்டிருந்தனர். ஒரு ரகசியக் கூட்டத்தார், அறுவை வைத்தியர் உபயோகிக்கும் நீண்ட கத்திகளால் இருவரையும் குத்திக் கொன்றனர். அவர்களுடைய குறி பர்க். உடன் வந்த பிரபு இன்னாரென்றே அவர்கள் அறியார். காவண்டிஷ் பிரபுவின் மனைவி கிளாட்ஸ்டன் குடும்பத்துக்கு நெருங்கிய உறவினர். அயர்லாந்துக்குச் சமாதானம் கொண்டுவந்த மனிதரே அவ்வாறு வீழ்ந்தார்.

மறுநாள் லண்டனில் செய்தியறிந்த பார்னல் நிலைகுலைந்து போனார். எதற்கும் அசையாதவர் என்று பெயரெடுத்த மனிதர் அன்று அசைந்தார். டேவிட், டில்லன் இருவருடன் சேர்ந்து, கொலையைத் தயக்கமின்றிக் கண்டித்து அயர்லாந்து மக்களுக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார். அத்துடன் நில்லாமல், பொது வாழ்க்கையிலிருந்தே விலகிக்கொள்ளச் சித்தமாயிருப்பதாகக் கிளாட்ஸ்டனுக்குத் தெரிவித்தார். கிளாட்ஸ்டன் அதனை ஏற்கவில்லை. கத்தி எடுத்தவர்களை ஏவாத பார்னல் ஏன் விலக முன்வரவேண்டும்? சட்டம் கேட்காத ஒரு கணக்கை அவருடைய மனச்சாட்சி கேட்டது என்பதே நாம் கொள்ளத்தக்க விளக்கம்.

சர்க்காரின் பதில் புதிய குற்றத் தடுப்புச் சட்டம். ஜூரர்களின்றி விசாரிக்கவும், நினைத்தபோது வீடுகளைச் சோதனையிடவும் அது அதிகாரமளித்தது. குற்றம் நடந்த பிரதேசத்து ஜனங்கள் அனைவரிடமும் நஷ்டஈடும் அதிகப் போலீஸ் செலவும் தண்டி வசூலிக்கவும் வழி செய்தது. கத்தி எடுத்தவன், எடுக்காதவன், தடுக்க முயன்றவன், குற்றத்துக்கு இரையானவனின் அண்டை வீட்டான் எல்லோரும் ஒரே வரியைக் கட்டவேண்டும்! இப்படிப்பட்ட அபராதம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கச் செய்யுமென்று சர்க்கார்கள் எங்கும் எண்ணுகின்றன. குற்றவாளிக்கும் குற்றமற்றவனுக்கும் இடையே முன்பில்லாத உறவை அது உண்டாக்குவதைத்தான் அனுபவத்தில் காண்கிறோம். கொலைக் கூட்டத்தில் ஐவர் 1883-ம் வருஷத்தில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களைக் காட்டிக்கொடுத்த ஜேம்ஸ் கேரி கப்பலில் தப்பியோடுகையில் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவனும் தூக்கு மேடை ஏறினான். பழிக்குப் பழி என்ற சங்கிலி அவ்வாறு நீண்டது.

அதே வருஷம் பார்ஸ்டர் பார்லிமெண்டில் எழுந்து, குற்றங்களைக் கண்டும் காணாதிருந்ததாகப் பார்னல்மீது குற்றம் சாட்டினார். அயர்லாந்து மக்களுக்கன்றி வேறெவருக்கும் தாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்று பார்னல் அலட்சியமாக விடுத்தார். அந்நிய பார்லிமெண்டுக்கு அந்தப் பதில் போதும். அயர்லாந்து மக்களுக்கு அவர் என்ன கணக்குக் கொடுத்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

நிற்க. 1885-ம் வருஷத் தேர்தலில் பார்னலின் கட்சி 86 ஸ்தானங்களைக் கைப்பற்றியது. கிளாட்ஸ்டன் சுயாட்சி மசோதாவைக் கொணர்ந்தார். 1886-ம் வருஷம் ஜூன் மாதம் அது 30 வோட்டுகளால் தோற்றது. அயர்லாந்தின் கோரிக்கை நியாயமானது என்று பாதி இங்கிலாந்து எண்ணத் தொடங்கிய அச்சமயத்தில், அதனைக் கறைப்படுத்த லண்டன் டைம்ஸ் பத்திரிகை முன்வந்தது. பார்னலின் இயக்கத்தையும் குற்றத்தையும் பிணைத்து 1887-ம் வருஷம் கட்டுரைத் தொடர் வெளியிட்டது. ஏப்ரல் 18-ந் தேதி ஒரு கடிதத்தின் நகலைப் பிரசுரித்தது. பர்க் கொலையுண்டது தகும் என்ற கருத்துடன் பார்னல் கையொப்பமிட்டதாக அக்கடிதம் காணப்பட்டது. புதிய அடக்குமுறை மசோதாமீது வோட்டெடுப்பு நடக்கவிருந்த நாளும் அதுவே! கடிதம் பொய் என்று பார்னல் சபையில் கூறினார். பலர் நம்பவில்லை.

அக்கடிதங்களை மட்டும் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று பரிசீலிக்க வேண்டுமென்று பார்னல் கேட்டார். சாலிஸ்பரி பிரபுவின் சர்க்கார் மறுத்துவிட்டு, 1888-ம் வருஷத்தில் மூன்று ஜட்ஜுகள் கொண்ட விசேஷக் கமிஷனை நியமித்தது. கடிதம் மெய்யா பொய்யா என்ற சிறு கேள்வி மறைந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பார்லிமெண்டு மெம்பர்களும், நிலச் சங்கமும், பத்து வருஷக் கிளர்ச்சியும் ஒருங்கே விசாரணைக்கு வந்தன. சர்க்காரின் அட்டர்னி ஜெனரலே பத்திரிகையின் வக்கீலாக நின்றார். விசாரணை 128 தினங்கள் நடந்தது. நானூறுக்கு மேற்பட்ட சாட்சிகள் வந்தனர். கொலையுண்டவர்களின் மனைவியரும் மக்களும் கூண்டேறி அழுதனர். அவர்களுடைய கண்ணீர் மெய்யானது. அக்கண்ணீருக்கும் கூண்டில் நின்ற ஒவ்வொருவருக்கும் என்ன தொடர்பு என்பதை நிரூபிக்கும் கஷ்டத்தை மட்டும் வாதியார் மேற்கொள்ளவில்லை.

பார்னலின் பாரிஸ்டர் சர் சார்லஸ் ரஸ்ஸல். 1889-ம் வருஷம் பிப்ரவரியில் ரிச்சர்டு பிகட் என்ற பழைய பத்திரிகைக்காரனை அவர் குறுக்கு விசாரணை செய்தார். சில சொற்களை ஒரு காகிதத்தில் எழுதச் செய்தார். தயக்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை பிகட் ஓரெழுத்துப் பிழையுடன் எழுதினான். டைம்ஸ் வாங்கியிருந்த கடிதங்களில் ஒன்றிலும் அதே பிழை! பிகட் குற்றத்தை ஒப்புக்கொண்டு மாட்ரிட் நகருக்கு ஓடினான்; போலீஸ் வந்தபோது தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாண்டான். பார்னல் சபையில் பேச எழுந்த அன்று, கிளாட்ஸ்டன் உட்பட எதிர்க்கட்சியினர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். டைம்ஸ் அவருக்கு 5,000 பவுன் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

பொய்க் கடிதம் ஒழிந்தது என்று நண்பர்கள் அத்துடன் புத்தகத்தை மூடிவிடுவதுண்டு. அது சரியன்று. பார்னல் தாமே சாட்சி சொன்னபோது, ரகசியச் சங்கங்கள் அயர்லாந்தில் மறைந்துவிட்டன என்று 1881-ல் தாம் பார்லிமெண்டில் கூறியது சபையைத் தவறான எண்ணங்கொள்ளச் செய்வதற்காக இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1890-ம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதியிட்ட கமிஷன் அறிக்கையும் இரு முகமுடையது. கடிதங்கள் பொய், கொலைக் கூட்டத்துடன் அவருக்கு உறவில்லை, மிரட்டலையன்றி வேறு குற்றத்தைத் தலைவர்கள் தூண்டவில்லை. இவை ஒரு முகம். மிரட்டலைத் தூண்டினர், அதிலிருந்து குற்றங்கள் பிறப்பதை அறிந்தும் அதனை விடவில்லை. இது மறுமுகம். குற்றத்தை மனப்பூர்வமாகக் கண்டித்தவர்களில் டேவிட்டின் பெயரை அவ்வறிக்கை குறிப்பிட்டது.

ஜட்ஜுகள் சுயாட்சிக்கு நண்பர்களல்லர். நிலச்சுவான்தார் புரிந்த கொடுமையை அவர்கள் எடைபோட மறுத்தனர். ஆகவே அவர்கள் தீர்ப்பு முழு நீதியாகாது. எனினும் எதிரியின் வாயிலிருந்து வந்த காரணத்தால் ஒரு சொல் பொய்யாகிவிடுவதில்லை. குற்றம் என்பது தனி மனிதனுக்குரியது. கையைக் கண்டுபிடித்துத்தான் விலங்கு பூட்ட வேண்டும். ஊருக்கு அபராதமும், கட்சிக்குத் தூக்குக் கயிறும் நீதியல்ல. ஆனால் பொறுப்பு என்பது வேறு. அதனைக் கோர்ட்டு அளக்க முடியாது. ஓர் இயக்கம் தன் வெற்றியைக் கூட்டாக அனுபவிக்குமானால், தன் பெயரால் சிந்தப்பட்ட இரத்தத்தைப் பற்றியும் கூட்டாக வெட்கப்பட வேண்டும். அந்த வெட்கத்தைச் சர்க்கார் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. தலைவர் தாமாகவே முன்வந்து ஏற்க வேண்டும். பீனிக்ஸ் தோட்டத்துக்கு மறுநாள் பார்னல் ஏற்றார். அதற்கு முந்திய இரண்டு வருஷங்களில் அதே குரல் எழும்பியிருந்தால் அயர்லாந்தின் கதை எவ்வளவோ சுத்தமாயிருந்திருக்கும்.

1922-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி சௌரி சௌராவில் 22 போலீஸார் கொல்லப்பட்டபோது காந்தியடிகள் உபவாசமிருந்து, சட்டமறுப்பையே நிறுத்தினார். தொண்டர் பலர் மனமொடிந்தனர். அதே சம்பவத்துக்காக ஸெஷன்ஸ் கோர்ட்டு 172 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1923-ல் அலஹாபாத் ஹைக்கோர்ட்டு அதில் 19 பேருக்குத் தண்டனையை உறுதி செய்தது. ஒரே சம்பவத்தில் மனச்சாட்சி ஏற்ற பொறுப்பையும் சர்க்கார் வீசிய பழியையும் நாம் பக்கத்தில் பக்கத்தில் காண்கிறோம். முன்னதை ஏற்றதால் பின்னது நியாயமாகிவிடவில்லை.

பார்னலின் முடிவு துயரமானது. கமிஷனால் வீழ்த்த முடியாதவரை, 1890-ம் வருஷம் நவம்பரில் தீர்ப்பான ஒரு விவாகரத்து வழக்கு வீழ்த்தியது. டிசம்பரில் கட்சி இரண்டாகப் பிளந்தது. பெரும்பான்மையோர் அவரை விட்டு வெளியேறினர். தளர்ந்த உடலுடன் ஊர் ஊராகச் சென்று போராடி, 1891-ம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி தமது நாற்பத்தைந்தாவது வயதில் காலமானார். டப்ளின் கிளாஸ்னெவின் மயானத்தில் அவர் உடல் அடக்கமாயிற்று. பின்வந்த நிலச் சட்டங்களால் அயர்லாந்துக் குடியானவன் தான் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரனானான். அந்த நிலத்தில் பகலில் பாடுபட்டவனின் வியர்வையும், இரவில் வீழ்ந்தவனின் இரத்தமும் கலந்திருக்கின்றன. முன்னதைச் சொல்லிப் பெருமைப்படும் தேசபக்தன் பின்னதைச் சொல்லவும் கூசலாகாது.